உலராத கருநீலம்

பெயிண்டர் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. நிறம் பொருத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது கடைவீதிப் பேச்சு. கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மனைவியை இழந்தவர். நேராகப் பின்னறைக்கு அழைத்துப் போனார்.

"மூணு தடவை வெளிர் கலர் அடிச்சாச்சும்மா. இந்தக் கறை மேல வந்துடுது. கருநீலம்னா அமுக்கிடும்ல? நாளைக்குப் பொண்ணு கைக்குழந்தையோட வர்றா. இங்கதான் தங்கணும்."

கட்டில் உயரத்தில், ஓர் ஆள் நீளத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. அறையில் புளித்த பாலின் வாடை.

அவள் நிற அட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு நீலம் ஊதாவுக்கு ஓடியது, ஒன்று பச்சைக்கு. சாம்பல் கலந்ததைத் தேர்ந்தெடுத்தாள்.

"கூரை சுத்த வெள்ளை வேணாம் சார், கண்ணுல அடிக்கும். யானைத் தந்த நிறம் போடலாம். திரைக்குக் கடுகு மஞ்சள். பளபளப்பு மட்டும் வேண்டவே வேண்டாம், சுவரோட மேடுபள்ளத்தையெல்லாம் காட்டிக் கொடுத்துடும்."

நண்பகலுக்குள் அவள் அடித்த கருநீலம் சுவர் முழுக்க உலர்ந்து மங்கியது. கறை இருந்த இடம் மட்டும் ஈரமாக மினுங்கியது.

விரலால் தொட்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. அழுத்தினால் உள்ளே போனது.

வாடை இப்போது நாள்பட்ட சீழின் வாடையாகியிருந்தது. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு சுரண்டியை வைத்தாள். பெயிண்ட், கொப்புளத்தின் தோல்போல முழுசாக வழன்று வந்தது. அடியில் மஞ்சளாக ஏதோ கசிந்து, சுரண்டி வழியே அவள் மணிக்கட்டுக்கு இறங்கியது. அதில் ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது.

சன்னலுக்கு ஓடி வாந்தியெடுத்தாள்.

"இந்த இடத்துல யார் படுத்திருந்தாங்க?"

அவர் கதவருகிலேயே நின்றார். குரல் கீழே இறங்கியது.

"என் சம்சாரம். ஆறு வருஷம் படுக்கையில கிடந்தா. கடைசி மாசம்… முதுகெல்லாம் புண்ணு. வாடை தாங்கலம்மா. சுவர்ப்பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டுக் கதவைச் சாத்திட்டேன். அப்புறம் திருப்பிப் போடவே இல்ல."

"கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டா."

சுவரைவிட அந்த மனிதர்மேல்தான் அவளுக்கு அதிகம் அருவருப்பு வந்தது. கைகழுவக்கூட அந்த வீட்டுத் தண்ணீரைத் தொட மனம் வரவில்லை.

"உங்க பொண்ணு நம்பரைக் கொடுங்க. குழந்தையை இங்க படுக்க விடமாட்டேன்."

தயங்கித் தயங்கிக் கொடுத்தார். தெருவில் நின்றே அவள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றல்லவா மகளுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

நான்காம் நாள் மத்தியானம் மகளே அழைத்தாள்.

"அக்கா, குழந்தையை முன்னறையிலதான் வச்சிருக்கேன். அப்பாதான்… நேத்துல இருந்து அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கார். எழுந்திருக்க மாட்டேங்கறார்."

"திருப்பி உட்கார வைங்களேன்."

"எலும்பும் தோலுமா இருக்கற மனுஷன் அக்கா. நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து இழுத்துப் பார்த்துட்டோம்."

மகளின் குரல் கிசுகிசுப்பாகத் தேய்ந்தது.

"அந்தப் பக்கத்துல இருந்து யாரோ பிடிச்சு இழுக்கறாங்க."