சாட்சி அறையில் கேட்ட கைத்தட்டல்

காலை பதினொரு மணி. லம்பாசா போலீஸ் நிலையத்தின் சாட்சிப் பொருள் அறை. பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே விரித்திருந்த துணி இருந்தது, தம்புவாவைக் காணோம்.

தம்புவா, கயிறு கோத்த திமிங்கலப் பல். அதை வெறும் பல் என்று எங்கள் ஃபிஜியில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பெண் கேட்கவும் பகை தீர்க்கவும் மன்னிப்புக் கேட்கவும் அதுதான் முன்னால் போகும். அதைக் கண்டால் வாயாடிகூடக் குரலைத் தணித்துக்கொள்வான். அதையே ஒருவர் போலீஸ் நிலையத்திலிருந்து தூக்கிவிட்டார் என்றால் எவ்வளவு துணிச்சல்!

கிராமத்துக் காட்டில் சந்தன மரம் வெட்டி விற்றதாக சமிசோனி மீது வழக்கு. தீர்ப்புக்கு முன்பே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அவனோடு வழக்கு முடிந்தது. அவன் வீட்டில் எடுத்த தம்புவா மட்டும் பெட்டியிலேயே இருந்தது. திருட்டு மரத்தில் வாங்கியது, பறிமுதல் செய்ய வேண்டும் என்றது அரசாங்கம். என் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தது என்றாள் மனைவி மெலயா. மரம் எங்களுடையது, அதனால் பல்லும் எங்களுடையது என்றார் கிராமத்துக்காகப் பேசும் பெரியவர் பெதேலி. பல் யாருக்கு என்று மறுநாள் கோர்ட்டில் விசாரணை.

மெலயாவுக்கு அந்தப் பல் உயிர். புருஷன் உடல் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடந்தது. கிராமம் மன்னித்தால்தான் சொந்த மண்ணில் அடக்கம். மன்னிப்புக் கேட்கத் தம்புவா வேண்டும். அவளிடம் வேறு கிடையாது. அதை வாங்குகிறவர் உள்ளங்கை குழித்துத் தட்டிவிட்டால் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். அப்புறம் தலைவரே வந்தாலும் மாற்ற முடியாது.

“நீ எதைக் கொண்டுவந்தாலும் நான் தட்டமாட்டேன்” என்று பெதேலி அவளிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

சார்ஜென்ட் லவேனியா கான்ஸ்டபிள் சவேனாதாவைப் பிடித்துக்கொண்டாள்.

“யார் யார் வந்தா?”

“மூணு பேரு மேடம். மெலயா, பெதேலி ஐயா, போட்டோ எடுக்க அரசாங்க வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா நாராயண். விசாரணைக்கு முன்னாடி பாத்துக்கலாம்னு கோர்ட்டே அனுமதி குடுத்திருந்துச்சு.”

“கூடவே நின்னியா?”

“போன் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. ஓடி ஓடி எடுத்தேன்.”

“நல்லா ஓடினே போ! சத்தம் ஏதாவது?”

“கை தட்டுற சத்தம் கேட்டுச்சு. பின்னாடி கொட்டகையில நம்ம பசங்க யங்கோனா குடிக்க உக்காந்துட்டாங்கன்னு நெனச்சேன். காலங்காத்தாலயேவான்னு திட்டக்கூட செஞ்சேன்.”

“பேச்சு, சிரிப்பு?”

“இல்ல மேடம். ஒரே ஆளு. மெதுவா.”

லவேனியா கொட்டகைக்குப் போய்ப் பார்த்தாள். யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கும் மரத்தொட்டி காய்ந்து கவிழ்ந்திருந்தது. யங்கோனா கூட்டமாக உட்கார்ந்து கை தட்டிக் குடிக்கிற பானம். அதைத் தனியாக உட்கார்ந்து கை தட்டிக் குடிக்கிறவன் எவன்?

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாராயண் படபடத்தார். “எனக்கெதுக்கு மேடம் அது? வீட்டுக்குக் கொண்டுபோனா என் பொண்டாட்டி என்னையும் சேத்து வெளிய தள்ளிடுவா!” பக்கத்தில் மெலயா அழுதுகொண்டிருந்தாள். லவேனியா இருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

பெதேலி ஓலைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தார்.

“கூடையில என்னங்க ஐயா?”

“சேப்பங்கிழங்கு. அதுக்கும் போலீஸ் வருமா?”

லவேனியா கூடையைத் தொடவில்லை. அவருக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

“தம்புவாவ எடுத்தது நீங்கதான் ஐயா. நாராயண் எடுத்திருந்தா சத்தமில்லாம பைக்குள்ள போட்டிருப்பாரு. மெலயா தன் வீட்டுப் பொருளை எடுக்க எதுக்குக் கை தட்டப்போறா? வாங்குறவங்கதான் தட்டுவாங்க. கையில தம்புவா வந்தா தட்டாம இருக்க உங்களால முடியாது. கிராமத்துக்கு வர்றத வாங்கித் தட்டுறது ஆயுசு பூரா நீங்க செஞ்ச வேலையாச்சே.”

பெரியவர் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“கோர்ட் பறிச்சா தலைநகரம் சுவாவுக்குப் போயிடும். அது எங்க காட்டுக்கு ஈடும்மா. அதான் எடுத்தேன். கை... அதுவா தட்டிருச்சு.”

“தட்டினா வாங்கிட்டதா அர்த்தம். யார் கையிலேருந்து வாங்கினீங்க?”

அவர் குனிந்து கூடையைப் பார்த்தார்.

“பெட்டி மேல ஒரே பேருதான் எழுதியிருந்துச்சு ஐயா. சமிசோனி.”

பெதேலிக்குப் புரிந்தது. உயிரோடு இருந்தவள் கெஞ்சியும் நீட்டாத கையை, செத்தவனிடம் நீட்டி வாங்கியிருக்கிறார். பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, போயிற்று. அவர் ஏறவில்லை.

கிழங்குக்கு அடியிலிருந்து இரண்டு கையாலும் தம்புவாவை எடுத்து நீட்டினார். பழுத்த மஞ்சள் நிறம். லவேனியா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“நடந்ததை நான் எழுதித்தான் ஆகணும் ஐயா.”

“எழுதும்மா. நாளைக்கு நானே கோர்ட்ல சொல்றேன். இது எங்களுக்குக் குடுத்தாச்சு, நாங்க வாங்கியாச்சு, கணக்கு தீந்துச்சுன்னு சொல்றேன். இனிமே இது யாருகிட்ட இருக்கணும்னு அவங்களே சொல்லட்டும்.”

நிலையத்துக்குள் போய் மெலயாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவள் பதறி எழுந்தாள்.

“உக்காரு தாயீ. அவன் மன்னிப்புக் கேட்டுட்டான். நானும் வாங்கிட்டேன். குழி வெட்ட ஆள் அனுப்புறேன், எந்த மரத்தடியில வேணும்னு சொல்லு.”

மெலயா நம்பாமல் லவேனியாவைப் பார்த்தாள். லவேனியா தலையசைத்தாள். மெலயா கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

“எந்த மரமா இருந்தாலும் சரிங்க ஐயா. சந்தன மரம் மட்டும் வேண்டாம்.”