திரும்பி வந்த டேங்க்

ஏணிக் கம்பியைத் தொட்டதும் அஞ்சலாட்சி கையை உதறிக்கொண்டாள். சுட்டதால் இல்லை. சித்திரை மாதத்து உச்சிவெயிலில் மூன்று நாளாக நிற்கிற இரும்பு, கிணற்றுத் தண்ணீரில் ஊறியது போலச் சில்லிட்டிருந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு டேங்கைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். பொசுக்கியது. திரும்ப இதைத் தொட்டாள். சில்லென்றே இருந்தது.

மேட்டுப்பாளையத்தில் இருந்த அந்த எண்ணெய்க் கம்பெனி, விளக்கெண்ணெயைப் பீப்பாயில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இப்போது, எண்பத்தி நாலாம் வருஷத்தில், எல்லாம் இந்த டேங்குகள்தான். இரும்புச் சட்டத்துக்குள் படுக்கவைத்த பெரிய உருளை. உச்சியில் ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு வட்ட வாய். மூடியை முடுக்கிக் குழாய் வழியாக எண்ணெயை நிரப்பினால் லாரியில் மெட்ராஸ் துறைமுகம் போய், அப்படியே கப்பல் ஏறி, கடல் தாண்டி ஏதோ ஒரு ஆலையில்தான் திறப்பார்கள். காலியான டேங்க் மறுபடி இங்கே வரும். நிரப்புவதற்கு முன்னால் ஒருத்தி உள்ளே இறங்கிச் சொட்டு ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். வாய் குறுகல் என்பதால் ஒல்லியான பெண்களாகப் பார்த்து எடுத்தார்கள். மில்லில் புருஷனுக்கு வேலை போன வீடுகளில் அப்படிப்பட்ட பெண்கள் நிறையக் கிடைத்தார்கள்.

இந்த டேங்கை அஞ்சலாட்சிக்குத் தெரியும். மூடியின் கைப்பிடி ஒரு பக்கம் நெளிந்திருக்கும். ஐந்து மாதத்துக்கு முன்னால் போனது.

"ஏன் நின்னுட்ட?" சூப்பர்வைசர் இராமதாஸ் ஷெட் நிழலில் இருந்தபடியே கேட்டார்.

"ஏணி சில்லுனு இருக்குது சார்."

"ஜுரம் கிரம் அடிக்குதா உனக்கு?"

"உள்ள யாராவது பாத்தாங்களா சார்?"

"அங்கயே தொறந்து கழுவிட்டாங்க. சுத்தமா இருக்குதுன்னு சர்டிபிகேட்டு குடுத்துருக்காங்க." கையிலிருந்த தாளை ஆட்டினார்.

"உள்ள ஒன்னும் இல்லன்னு எழுதியிருக்குதா?"

இராமதாஸ் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒன்னும் இல்ல. உன்னால முடியலன்னா சொல்லு. கன்னியம்மாள எறக்கிக்கிறேன்."

கன்னியம்மாள் வேலைக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. பால்குடிப் பிள்ளையை நெல்லித்தோப்பில் மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவள். ஏற்கெனவே மேலே ஏறி வாயோரம் உட்கார்ந்திருந்தாள். மேலே இருப்பவளுக்கு ஒரே வேலை: உள்ளே இருப்பவளோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் கத்தி ஆளைக் கூப்பிட வேண்டும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் இதே டேங்க் போவதற்கு முந்தின நாள், அந்த இடத்தில் அஞ்சலாட்சி இருந்தாள். உள்ளே துடைத்துக்கொண்டிருந்தவள் ஜெயம்.

அதற்கு முன்னால் ஏதோ ரசாயனம் ஏற்றி வந்திருந்த டேங்க் அது. இனிப்பாக, மூக்கின் உள்பக்கத்தை வருடுவது போல ஒரு வாடை. ஜெயம் துடைத்துக்கொண்டே மகள் வசந்தாவுக்குக் காது குத்துவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு குழறியது. அப்புறம் நின்றது. அஞ்சலாட்சி இரண்டு தடவை கூப்பிட்டாள். பதில் இல்லை. இறங்கி ஓடி இராமதாஸிடம் சொன்னாள். அவர் மேலே ஏறிக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கப்பல் மறுநாள். "அவ எப்பவோ வெளிய வந்துட்டா," என்றார். "கம்பெனி கேட்டத் தாண்டிப் போறத நானே பாத்தேன். நீயும் பாத்த இல்ல?" மூடியைப் போட்டு அவரே முடுக்கினார். டேங்குக்குள் எண்ணெய் விடுகிற குழாயைத் திறந்தார்.

எண்ணெய் விழுகிற சத்தத்துக்கு நடுவில் அஞ்சலாட்சிக்கு அது கேட்டது. உள்ளிருந்து. இரும்பை உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். நாலு தடவை. ஐந்து தடவை.

"பாத்த இல்ல?"

"பாத்தேன் சார்."

அடுத்த வாரம் அவளுக்கு வேலை நிரந்தரமானது. ஜெயத்தின் புருஷன் பக்கிரி வந்து கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். பக்கிரி மனைவியின் புடவைகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினான். வசந்தாவை இப்போது தெருவில் எல்லோரும் ஓடிப்போனவள் மகள் என்கிறார்கள்.

"நானே எறங்கறேன் சார்," என்றாள் அஞ்சலாட்சி.

ஏணியில் ஏறும்போது ஒவ்வொரு படியும் முந்தினதைவிடக் குளிர்ந்திருந்தது. துணிகளை இடுப்பில் செருகிக்கொண்டு வாய் வழியாகக் காலை விட்டாள். உள்ளே விளக்கெண்ணெயின் கொழகொழத்த வாடை இல்லை. அந்த இனிப்பு வாடையும் இல்லை. ஏதோ வெளிநாட்டு சோப்பின் வாசனை, ஆஸ்பத்திரியில் செத்தவர்களைக் குளிப்பாட்டிய அறை போல, சுத்தமாக, கூசவைக்கிற மாதிரி அடித்தது. கால் தரையைத் தொட்டது. நாலா பக்கமும் இரும்பு மங்கலாகப் பளபளத்தது. மேலே இருந்து விழுந்த வெளிச்சம் காலடியில் ஒரு வட்டமாகக் கிடந்தது. அதைத் தாண்டி இரண்டு பக்கமும் இருட்டு நீண்டு போயிற்று.

"அக்கா, எறங்கிட்டீங்களா?"

"எறங்கிட்டேன்."

"உள்ள வெக்கையா இருக்குதா?"

"இல்ல."

குந்தி உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தாள். சர்... சர்... துணி இரும்பில் உரசுகிற சத்தம் உருளைக்குள் சுற்றி வந்து முதுகில் மோதியது. ஒரு கை நீளம் துடைத்தாள். இன்னொரு கை நீளம். ஒன்றுமில்லை. எழுதித்தான் கொடுத்திருக்கிறார்களே. அங்கே திறந்தவன் எதைப் பார்த்திருப்பான்? பார்த்ததை என்ன செய்திருப்பான்? அவனுக்கும் ஒரு சூப்பர்வைசர் இருந்திருப்பாரோ? பார்த்தாயா என்று கேட்டிருப்பார். இவன் பார்க்கவில்லை என்றிருப்பான்.

வியர்வை துளிக்கூட இல்லை. பல் கிட்டியது.

துணியைத் திருப்பிப் பிடிக்கக் கையை நிறுத்தினாள்.

சர்... சர்...

சத்தம் நிற்கவில்லை.

எதிரொலிதான் என்று நினைத்தாள். எதிரொலி இவ்வளவு நேரம் வருமா? அஞ்சலாட்சி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இருட்டான கோடியில் இருந்து வந்தது. நிதானமாக. அவசரமில்லாமல். வேலை தெரிந்தவள் துடைக்கிற சத்தம்.

"அக்கா." கன்னியம்மாளின் தலை வெளிச்ச வட்டத்தில் நிழலாக விழுந்தது. "அக்கா, உள்ள ரெண்டு பேரா இருக்கீங்க?"

அஞ்சலாட்சி சத்தம் வந்த பக்கம் திரும்பினாள்.

"இன்னொருத்தங்க எப்ப எறங்குனாங்க? நான் பாக்கலியே?"

கண் இருட்டுக்குப் பழகியது. முதலில் ஒரு முதுகு. எண்ணெயில் ஊறி உடம்போடு ஒட்டின ரவிக்கை. முடி கொத்தாக ஒட்டிக் கிடந்தது. குந்தி உட்கார்ந்திருந்தாள். சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேலும் கீழும். மேலும் கீழும். கையில் துணி இல்லை. விரல்கள் இல்லை. தேய்ந்து தேய்ந்து மணிக்கட்டு வரை போயிருந்தது. மிச்சமிருந்ததை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் மட்டும் கண்ணாடியாக மின்னியது.

"ஜெயம்..."

கை நின்றது.

அவள் திரும்பவில்லை. குந்தின நிலையிலேயே, ஈரக் கால்கள் இரும்பில் ஒட்டி ஒட்டிப் பிரிய, மெல்ல ஒரு ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் இன்னொருத்தி உட்காருகிற அளவுக்கு இடம் விட்டாள்.