ஒன்பது லட்சத்துச் சர்வர்

நீடாமங்கலத்தில் அப்துல் ஹமீதின் ரைஸ் மில் சர்வர் நின்றுபோனால் ஊருக்கே தெரிந்துவிடும். 2005 சித்திரை மாதத்தில் அது பதினோரு முறை நின்றது. ஒவ்வொரு முறையும் ஹமீது போட்ட சத்தத்தில், சிக்னலுக்குக் காத்திருந்த கூட்ஸ் வண்டிகள் பயந்துபோய்த் தாமாகவே புறப்பட்டன என்று ஜங்ஷனில் பேசிக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட ஹமீது, ஒரு வியாழக்கிழமை காலை குந்தவையின் வீட்டில் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்தார்.

குந்தவை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ரிசீவரில் கேட்கும் மூச்சை வைத்தே பொய்யைக் கண்டுபிடிப்பார். அவர் கணவர் தியாகராசன் சந்தேகப்படுவதற்கென்றே பிறந்தவர். மனசுக்குள் பால்காரரை இதுவரை மூன்று தடவை கைது செய்திருக்கிறார்.

"கரண்டு தினமும்தான் போகுதும்மா. யூபிஎஸ் இருக்கு, தாங்கிடும். ஆனா சில நாள் மட்டும் சர்வர் பொட்டுனு நின்னுடுது. பதினாலு கம்ப்யூட்டரும் படுத்துடும். சர்வரைப் பார்த்துக்கிற தஹ்மீனா ஏதோ பண்றான்னு சந்தேகம். சனிக்கிழமையிலேருந்து வரவேணாம்னு சொல்லிட்டேன்," என்றார் ஹமீது.

"சொல்லிட்டு ஏன் பாய் இங்க வந்தீங்க?" என்று கேட்டார் குந்தவை.

ஹமீது தரையைப் பார்த்தார். "எட்டு வருஷமா வேலை பார்க்கிற பொண்ணு. புருஷனுக்கு மஸ்கட்ல வேலை போயி ஆறு மாசமாகுது. இவ சம்பளத்துலதான் வீடு ஓடுது. தப்புப் பண்ணியிருந்தா போகட்டும். பண்ணலைன்னா நான் பாவத்தைச் சுமக்கணும்."

சென்னைக் கம்ப்யூட்டர் கம்பெனி ஆள் ராம்கி தயாரித்த திட்டத்தை எடுத்து நீட்டினார். மூன்று தடவை மில்லுக்கு வந்து ஆராய்ந்து எழுதியதாம். பழைய சர்வருக்குச் சக்தி போதவில்லை, இயக்குபவரும் சரியில்லை என்பது அதன் சாரம். குந்தவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"புது சர்வர் அஞ்சு லட்சத்து நாப்பதாயிரம். பழைய ஏசிக்குப் பதிலா புதுசு தொண்ணூறாயிரம். புது யூபிஎஸ் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். கம்பெனி ஆள் ஒருத்தருக்கு வருஷச் சம்பளம் ஒரு லட்சத்து நாப்பத்தெட்டாயிரம். பார்வையாளர் அறைக்கு இன்வர்ட்டர் பன்னெண்டாயிரம். மொத்தம் ஒன்பது லட்சம்."

"கூட்டல் சரியா இருக்கே," என்றார் தியாகராசன் ஏமாற்றத்துடன்.

"ராம்கி எப்ப கையெழுத்து வாங்க வர்றார்?"

"இன்னிக்கு மூணு மணிக்கும்மா."

பதினோரு மணிக்கு மூவரும் மில்லில் இருந்தார்கள். தஹ்மீனா நாற்காலியைப் போட்டாள். அவளுடைய கைப்பை மேசைமேல் கட்டி வைத்தாற்போல் தயாராக இருந்தது.

"பையைப் பாரு. கிளம்பத் தயாரா இருக்கா. குற்றவாளிதான்," என்று கிசுகிசுத்தார் தியாகராசன்.

"போகச் சொன்னா யாருங்க பையை எடுக்க மாட்டா?" என்றார் குந்தவை.

சர்வர் அறையை ஒட்டியது பார்வையாளர் அறை. வெளியூர் அரிசி வியாபாரிகள் அங்கேதான் உட்காருவார்கள். சுவரோரம் ஒரு சாதாரண பிளக் பாயின்ட்டும், சர்வர் அறை யூபிஎஸ்ஸிலிருந்து இழுத்த சிவப்பு பிளக் பாயின்ட்டும் இருந்தன. சிவப்பின் கீழே, தரையில், காய்ந்த சோற்றுப் பருக்கைகள் நாலைந்து கிடந்தன. குந்தவை வாசல் வாட்ச்மேனின் வருகைப் பதிவேட்டை வாங்கி, சர்வர் நின்ற தேதிகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். பிறகு டீ கேட்டார். அவர் டீ கேட்டாலே வழக்கு முடிந்தது என்று தியாகராசனுக்குத் தெரியும்; யாரைப் பிடிப்பது என்றுதான் தெரியாது. அந்த நாலு மணி நேரத்தில் கொதிகலன்காரர் வரை ஒன்பது பேரைச் சந்தேகப்பட்டு முடித்தார்.

மூன்று மணிக்கு ராம்கி கழுத்தில் டையோடு வந்தார். ஹமீது, தஹ்மீனா, விற்பனை மேனேஜர் ரெத்தினம் எல்லாரையும் குந்தவை பார்வையாளர் அறையில் உட்கார வைத்தார்.

"ரெத்தினம், பாலக்காட்டு வியாபாரி வந்திருக்கார்னு வச்சுக்குங்க. கரண்டு இல்லை. நீங்க வழக்கமா செய்றதைச் செய்யுங்க."

மெயின் ஸ்விட்ச் அணைக்கப்பட்டது. ரெத்தினம் கொஞ்சமும் யோசிக்கவில்லை. ஹமீதின் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த ரைஸ் குக்கரை எடுத்தார், ஒரு ஆழாக்கு அரிசியைக் களைந்து போட்டார், சிவப்பு பாயின்ட்டில் சொருகினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யூபிஎஸ் வீறிட்டு அலறி அடங்கியது. பதினாலு திரைகளும் இருண்டன.

"சோத்தைப் பார்க்காம எவன் லோடு அரிசி வாங்குவான்?" என்றார் ரெத்தினம், குக்கரைப் பிடுங்கியபடி. "பாதியில கரண்டு போயி சோறு குழைஞ்சா யாவாரம் போச்சு. இந்தப் பாயின்ட்ல கரண்டு போகவே போகாதேன்னுதான்... சர்வர் நின்னா குக்கரும் நின்னுடும், நானும் தஹ்மீனாவைத்தானே திட்டினேன்."

"பதினோரு நாளும் வெளியூர் வியாபாரி வந்திருக்காங்க, கரண்டும் போயிருக்கு," என்றார் குந்தவை. "கரண்டு இருந்தா இவர் சாதாரண பாயின்ட்ல வைப்பார், ஒண்ணும் ஆகாது. இல்லாதப்ப சிவப்புல வச்சா, குக்கர் இழுக்கிற இழுப்பை யூபிஎஸ் தாங்காது. ரெத்தினத்துக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், ராம்கி."

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"சர்வர் திட்டத்துல வியாபாரி உட்கார்ற அறைக்கு எதுக்கு இன்வர்ட்டர்? குக்கருக்குத் தனி வழி பண்ணலைன்னா உங்க அஞ்சரை லட்சச் சர்வரும் இதே மாதிரி நிக்கும், குட்டு உடையும். பன்னெண்டாயிரத்துல முடியற வேலைன்னு தெரிஞ்சே ஒன்பது லட்சம் எழுதி, பழியை இந்தப் பொண்ணு மேல போட்டிருக்கீங்க."

"ராம்கி தம்பி ரெண்டு தடவை இந்தக் குக்கர் சோத்தைச் சாப்பிட்டிருக்காரே," என்றார் ரெத்தினம் மெதுவாக.

ராம்கி டையைத் தளர்த்திக்கொண்டு போன வேகத்தில் முற்றத்தில் காய்ந்த நெல் இரண்டு மூட்டையாவது பறந்திருக்கும்.

ஹமீது தஹ்மீனாவின் பக்கம் திரும்பினார். "சனிக்கிழமை வந்துடும்மா. தப்பு என்னுதுதான்," என்றார்.

தஹ்மீனா தோளில் மாட்டிய பையை இறக்கவில்லை. "சர்வர் பழசுதான் முதலாளி. மெமரி கூட்டணும், ரெண்டு டிஸ்க் மாத்தணும், தினமும் பேக்கப் எடுக்கணும். ஒண்ணேகால் லட்சத்துல நானே திட்டம் போட்டுத் தர்றேன். ஆனா சர்வர் ரூம் சாவி என்கிட்ட இருக்கணும். கேக்காம யாரும் சிவப்பு பாயின்ட்ல எதையும் சொருகக் கூடாது."

ஹமீது சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

சனிக்கிழமை பகல், நெருப்பு மழை பெய்கிற வெயில். சர்வர் அறைக் கதவை முதலில் தட்டியவர் ஹமீதுதான். ஏசியில் பத்து நிமிஷம் உட்கார்ந்துக்கட்டுமா என்று கேட்டார்.

தஹ்மீனா கதவைப் பாதிதான் திறந்தாள். "எதுக்குன்னு எழுதிக் குடுங்க முதலாளி. பார்க்கிறேன்."