மழையில் நனையாத செருப்பு

காளான் கொட்டகையின் வாசலில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு கிடந்தது. இடது வாரில் பச்சைக் கம்பி முறுக்கியிருந்தது. போன மழைக்காலத்தில் தங்கை சைபோனின் சவப்பெட்டிக்குள் லம்யாய் தன் கையாலேயே வைத்து எரியவிட்ட செருப்பு.

ஊர்ப் பொதுத் தோட்டத்தில் காளானுக்கு அழுக்கு ஆகாது. வெறுங்காலோடுதான் எவரும் உள்ளே போவார்கள். வாசலில் செருப்பு இருந்தால் உள்ளே ஆள் உண்டு. இல்லையென்றால் கதவைத் தாழிட்டு, வைக்கோலை வேகவைக்க ஆவியைத் திறந்துவிடலாம்.

அன்று திடீர் மழை. நனையுமே என்று தங்கையின் செருப்பை எடுத்துத் துடைத்துத் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்தவள் லம்யாய். வெறும் வாசலைப் பார்த்துத் தாழிட்டு ஆவியைத் திறந்துவிட்டவன் சைபோனின் கணவன் பிரசோங். தலைவலியென்று உள்ளே, காளான் வளர்க்கும் பின்தட்டின் அடியில் படுத்திருந்த சைபோன் எழவேயில்லை.

"நல்லாப் பாத்தேன்கா, செருப்பு இல்ல" என்று அவன் கதறியபோது லம்யாய் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். உண்மையைச் சொல்லவில்லை.

இன்று கொட்டகைக்குப் பின்னால் கொதிகலனுக்கு விறகு தள்ளியபடி அவன் கூப்பிட்டான். "அக்கா, வாசல நீங்களே பாத்துடுங்க. என் கண்ண நானே நம்பறதில்ல."

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. "இரு தம்பி, உள்ள ஒருதரம் பாத்துட்டு வந்துடறேன்."

"ம்க்கும், நீங்க பாத்து முடிக்கறதுக்குள்ள ஒட்டரிசிச் சோறே வெந்துடும்!"

ஓராண்டாகச் சிரிக்காதவன் சிரித்தான். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

நீலச் செருப்பின் அருகே தன் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் நுழைந்தாள். ஊறிய வைக்கோலின் புளித்த வாடையும் சுண்ணாம்பு நெடியும் மூங்கில் தட்டுகளிலிருந்து சொட்டும் நீரின் ஓசையும் கலந்த அந்த அரையிருட்டில், பின்தட்டை நெருங்க நெருங்க, சைபோன் நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை வந்தது. கீழே குனிந்து பார்த்தாள். வைக்கோலில் ஒருக்களித்துப் படுத்த உடம்பின் பள்ளம். தொட்டாள். சூடு.

ஆள் இல்லை.

தகரக் கூரையில் மழை அறைந்தது. அவள் திரும்பினாள். மங்கிய பிளாஸ்டிக் சுவருக்கு வெளியே யாரோ குனிந்தார்கள். நீண்ட கூந்தல். சொட்டச் சொட்ட. கைகள் எதையோ எடுத்தன. பாவாடை நுனியால் துடைத்தன. பக்குவமாக. பொறுமையாக.

"பிரசோங்!"

மழை இரைச்சல் குரலை விழுங்கியது. வாசல் பக்கம் அவன் குரல்.

"அக்கா? செருப்பக் காணோமே... வீட்டுக்குப் போயிட்டாங்க போல."

தாழ் விழுந்தது.

வெளியே, மழைக்குள், நீலச் செருப்பை மாட்டிக்கொண்டு, சைபோன் தன் அக்காவின் செருப்பை நெஞ்சோடு அணைத்துத் தாழ்வாரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். அதில் ஒரு துளிகூடப் படாமல்.