வியாழக்கிழமை வாசிப்பு

வியாழக்கிழமை இடைவேளையில் ஐந்தாம் வகுப்புப் பெண்கள் சா பூ த்ரீ போட்டார்கள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஓடிப்பிடிக்கும் விளையாட்டில் யார் பிடிப்பது என்று முடிவு செய்ய எல்லா ஊரிலும் பிள்ளைகள் அப்படித்தான் கையை நீட்டுகிறார்கள். உள்ளங்கை தெரியவோ புறங்கை தெரியவோ வைக்கிறார்கள். தனித்து விழுந்தவள் பிழைத்தாள், கடைசியில் மிஞ்சியவள் மாட்டினாள். ஆனால் இந்தப் பன்னிரண்டு பேரும் சத்தமே இல்லாமல் போட்டார்கள். உதடுகள் மட்டும் அசைந்தன. பிழைத்து விலகியவள் சிரிக்கவில்லை, குதிக்கவில்லை. நேராகப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். மிஞ்சியவள் யாரையும் துரத்தவில்லை. குழாயடியில் முகம் கழுவி, வகுப்பறைக்குள் போய், கதவுக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

லூர்துசெல்வி வராந்தாத் தூணில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பத்து நான்காம் வருஷம் ஜூனில் அவள் இந்தப் பள்ளிக்கு டீச்சராக வந்து சேர்ந்தாள். சேலத்துக்கு மேலே மலையில், மஞ்சக்குட்டைக்கு அப்பால், ஒரு காப்பி எஸ்டேட்டின் கேட்டுக்கு உள்ளே, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட நாலு அறைகள். பின்னால் அவளுக்கு ஒரு குவார்ட்டர்ஸ். அதிகம் பேசுகிறவள் இல்லை அவள். சாயங்காலங்களில் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பக்கம் திருப்பாமல், பனி இறங்கி ஒவ்வொரு மரமாக விழுங்குவதைப் பார்த்திருப்பாள். பேசாமல் இருப்பது அவளுக்குப் பழக்கம். அதனால்தானோ என்னவோ, பிள்ளைகள் பேசாமல் இருப்பது அவள் கண்ணில் படப் பல வாரங்கள் ஆயிற்று.

பதினொன்றரை மணிக்கு ஜீப் சத்தம் கேட்டது. தேவசிகாமணி வந்துவிட்டார். எஸ்டேட்டில் முப்பது வருஷம் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்; இன்றைக்கும் அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். ஊரில் அவருக்கு 'ஐயா' என்பதுதான் பெயர். பச்சைக் கண்ணாடி, கம்பளிக் கோட்டு, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி, அவருக்கு முன்னால் நடந்து வரும் நீலகிரித் தைல வாசனை. கண் பார்வை மங்கிவிட்டதால் வாரம் ஒருமுறை பள்ளிக்கு வந்து, கடைசி அறையில் உட்கார்ந்து, ஒரு பிள்ளையைப் பேப்பர் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பார். பிள்ளைக்கும் வாசிப்பு வந்ததாயிற்று, பெரியவருக்கும் பொழுது போனதாயிற்று என்று தலைமையாசிரியை செல்வமேரி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள். அந்த அறைக் கதவைச் சாத்தித்தான் வைப்பார்கள். குளிர் காற்று ஐயாவுக்கு ஆகாது.

கதவோரம் உட்கார்ந்திருந்த பிள்ளை, கூப்பிடும் முன்பே எழுந்து போனாள்.

முக்கால் மணி நேரம் கழித்து அவள் திரும்பி வந்தபோது லூர்துசெல்வி அவள் பின்னலைப் பார்த்தாள். காலையில் அந்தச் சிவப்பு ரிப்பன் பூப் போலக் கட்டியிருந்தது. இப்போது அதில் வேறு முடிச்சு. இறுக்கமாக, ஒற்றைச் சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே செருகிய முடிச்சு. அதை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று அன்று முழுக்க யோசித்தாள். மறுநாள் எஸ்டேட் குடோனைக் கடந்து போகையில் தெரிந்தது. காப்பி மூட்டைகளின் வாயை அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

அடுத்த வியாழன் வேறொரு பிள்ளை. அதே முடிச்சு. அதற்கடுத்த வியாழன் வெள்ளையம்மாள். வகுப்பிலேயே சின்ன உருவம், 'ர'வும் 'ற'வும் தடுமாறும் வாய். போய் வந்தபின் அவள் மூன்று நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாம் நாள் லூர்துசெல்வியின் மேசைப் பக்கம் வந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"உங்க அம்மாவுக்கு மொழங்கால் வலி தேவலைங்களா டீச்சர்?"

"தேவலை கண்ணு" என்று சொல்லிவிட்டாள். பிறகுதான் அம்மாவின் முழங்காலைப் பற்றி இந்த மலையில் யாரிடமும் தான் சொன்னதில்லை என்பது நினைவுக்கு வந்தது. அம்மா அதைக் கடிதத்தில்தான் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தின் உறை, இங்கே வரும் எல்லா உறைகளையும் போல, ஒட்டிய இடத்தில் சுருண்டிருந்தது. பனி ஈரம் என்று அவள் நினைத்திருந்தாள்.

அக்டோபர் முதல் வாரம் அவள் செல்வமேரியின் அறைக்குப் போனாள். சொல்ல வேண்டியதை நாலு நாள் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். சொல்லும்போது அது சின்னதாக, உளறலாக வந்தது. முடிச்சு. முகம் கழுவுவது. சா பூ த்ரீ.

செல்வமேரி பேனாவை மூடி வைத்தாள்.

"ஏனுங்க டீச்சர், இங்க வந்து எத்தன மாசமாச்சுங்க?"

"நாலு மாசமுங்க."

"நான் பதினெட்டு வருஷமா இருக்கறேன். மேல பாருங்க. அந்தத் தகரம் ஐயா போட்டது. பிள்ளைங்க போட்டிருக்கற சொட்டரு ஐயா குடுத்தது. நீங்க படுக்கற ஊடு ஐயா வாங்கிக் குடுத்த எடத்துல நிக்குது."

"அதையெல்லாம் இல்லைங்கலைங்க. கதவத் தொறந்து வெச்சுப் படிக்கட்டும்னுதான் கேக்கறேன். இல்லாட்டி நான் கூட உக்காந்துக்கறேன்."

செல்வமேரி வெகுநேரம் அவளைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். குடோனில் எலி பார்த்தவள் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆகாத பொண்ணு நீ. இந்த மாதிரி நெனப்பெல்லாம் உனக்கு எங்கிருந்து வருது?"

'ங்க' போய்விட்டது. அன்றோடு அந்த மரியாதை மலையில் பெரியவர்கள் எல்லோர் வாயிலிருந்தும் போய்விட்டது. பால்காரர் வாசலில் நிற்காமல் போனார். எஸ்டேட் கூலிகளின் லயன் வீட்டுப் பெண்கள் அவள் வந்ததும் பேச்சை நிறுத்தி, அவள் கடந்தபின் துப்பினார்கள். பள்ளி ஆயா அற்புதம் தண்ணீர்க் குடத்தைப் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு, "படிச்ச பொண்ணு, கண்ணு நொம்பக் கூர்மையாச்சே. வாளி எங்க இருக்குதுன்னு நீயே பாத்துக்க" என்றாள். யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. ராத்திரி தகரத்தின்மேல் ஒரு கல் விழும். வெகுநேரம் கழித்து இன்னொன்று. அடுத்தது எப்போது என்று காத்துக்கொண்டு அவள் படுத்திருப்பாள்.

சேலத்துக் கல்வி அதிகாரிக்கு எழுதினாள். இரண்டு பக்கம், மணி மணியான எழுத்து. பார்த்ததை மட்டும் எழுதினாள், நாள் போட்டு எழுதினாள். தெளிவாக இருக்க வேண்டும் என்று வெள்ளையம்மாளின் பெயரையும் எழுதினாள். உறையை ஒட்டி, ஆபீஸ் சுவரில் தொங்கிய தோல் தபால் பையின் வாய்க்குள் போட்டாள். எல்லோரும் கடிதம் போடுவது அதில்தான். பூட்டிய பை, பக்கத்தில் ஒரு நீளத் துளை. நாள்தோறும் மத்தியானம் எஸ்டேட் ஜீப் அதை எடுத்துக்கொண்டு போகும். எங்கே போய் யார் அதைத் திறக்கிறார்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கடிதம் உள்ளே விழுந்த சத்தம் மட்டும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த வியாழன் மறுபடியும் வெள்ளையம்மாள்தான் போனாள். இந்த முறை யாரும் கை நீட்டவில்லை. ஐயா பெயர் சொல்லி அனுப்பியிருந்தார்.

வெள்ளிக்கிழமை தமிழ்ப் பாடம். பருவமழையைப் பற்றிய பாடம். வெளியே பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு அப்பால் மரங்கள் இல்லை, மைதானம் இல்லை, ஈர வெள்ளை மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"வெள்ளையம்மா, நீ படி சாமி."

வெள்ளையம்மாள் எழுந்தாள். புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒரு தடுமாற்றமும் இல்லாமல், எல்லா 'ற'வும் சரியாக விழ, ஏற்ற இறக்கமில்லாத குரலில் படித்தாள்.

"மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு. இப்பள்ளிக்கு வாரந்தோறும் வந்து போகும் ஒருவரிடம் பிள்ளைகளைத் தனியே விடுவது அவர்களுக்குப் பத்திரமல்ல என்று அஞ்சி இதை எழுதுகிறேன். போய் வந்த பிள்ளைகள் பேச்சை இழக்கிறார்கள். வெள்ளையம்மாள் என்ற சிறுமி..."

பெயர் வந்த இடத்தில் மட்டும் குரல் உயர்ந்தது.

லூர்துசெல்வியின் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்து உடைந்தது. மற்ற பதினோரு பேரும் அதே பருவமழைப் பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"நாலு தடவ படிக்கச் சொன்னாருங்க டீச்சர்" என்றாள் வெள்ளையம்மாள். "மனப்பாடம் ஆயிப்போச்சு. எம்பேரு வர்ற எடத்துல சத்தமாப் படிக்கோணும்னாரு. உங்க எழுத்து நொம்ப அழகா இருக்குதுன்னாரு."

"என்னோட... காயிதம் எப்படி..."

"பையோட சாவி ஐயா கோட்டுலதானுங்க இருக்குது. வர்றது, போறது, எல்லாரு காயிதமும் நாங்கதான் படிக்கறது. பேப்பரு படிக்கறது கொஞ்சந்தானுங்க."

அவள் உட்கார்ந்தாள். புத்தகத்தில் அடுத்த பக்கம் திருப்பினாள்.

அன்று பிடித்த மழை விடவில்லை. சனிக்கிழமை காலை லூர்துசெல்வி ஒரு பையோடு கிளம்பி, நனைந்துகொண்டே எஸ்டேட் கேட்டுக்குப் போனாள். பஸ் நிற்கும் ஒண்டிக்கடை வரை நடந்தே போய், அங்கிருந்து எப்படியாவது சேலம் இறங்கி, நேரில் சொல்லிவிட வேண்டும். கேட்டில் சங்கிலி போட்டிருந்தது. வாட்ச்மேன் சின்னன் சாக்கைத் தலையில் போர்த்துக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்குது. குப்பனூர் வழியும் இல்ல. ஒருத்தரையும் விட வேண்டாம்னு ஐயா உத்தரவு."

"நான் நடந்து போயிக்கறேன்."

"நீ விழுந்து செத்தீன்னா ஐயாதான் பதில் சொல்லோணும்" என்றான் சின்னன். பிறகு சிரித்தான். "வெள்ளிக்கெழம பஸ்ஸு விடுவாங்களாம். அன்னைக்கு ஒரேயடியாப் போயிரு. உன்ற கணக்கத் தீத்தாச்சுன்னு பெரிய டீச்சரு சொன்னாங்க."

வெள்ளிக்கிழமை. அதற்கு முன்னால் ஒரு வியாழன் இருந்தது.

அந்த வியாழன் காலை அவள் வகுப்பில் பாடம் எடுக்கவில்லை. இடைவேளை மணி அடித்தும் யாரையும் வெளியே விடவில்லை. பதினொன்றே காலுக்குக் கதவைச் சாத்தினாள். உள் தாழ்ப்பாளைப் போட்டாள். இரும்புத் தாழ்ப்பாள், ஈரத்தில் துருவேறிக் கனத்தது. அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

"இன்னைக்கு யாரும் போக வேண்டாம்" என்றாள். "நான் இருக்கேன்."

பன்னிரண்டு முகங்களும் அவளைப் பார்த்தன. அதில் நன்றி இல்லை. நிம்மதி இல்லை. எதையோ பொறுமையாகக் கூட்டிக் கழிப்பது போல ஒரு பார்வை.

தகரத்தில் மழை. அதற்கு அடியில் ஜீப் சத்தம். எஞ்சின் நின்றது. சேற்றில் காலடி. வராந்தாவில் கைத்தடி. ஒரு தட்டல், ஒரு அடி. ஒரு தட்டல், ஒரு அடி. கதவிடுக்கில் தைல வாசனை முதலில் வந்தது.

"டீச்சர், கதவத் தொற" என்று செல்வமேரியின் குரல்.

அவள் திறக்கவில்லை.

"தொறன்னு சொல்றேன்."

திறக்கவில்லை.

பிறகு இன்னொரு குரல். இந்த ஐந்து மாதத்தில் அவர் அவளிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. கனிவான குரல்.

"பரவாயில்லைங்க டீச்சர். அவசரமில்லை. நான் இருக்கறேன்."

கைத்தடி கதவில் தட்டியது. இரண்டு முறை. மெதுவாக.

பிறகு ஒன்றுமில்லை. மழை மட்டும். போய்விட்டாரா. காலடி கேட்கவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள். கதவுப் பலகைக்கு அந்தப் பக்கம், அவள் தலைக்கு நேராக, யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே பெஞ்சுகள் லேசாக நகர்ந்தன.

பிள்ளைகள் எழுந்திருந்தார்கள். வட்டமாக நின்றார்கள். உதடுகள் அசைந்தன. கைகள் நீண்டன, திரும்பின. ஒருத்தி விலகினாள். இன்னொருத்தி.

"வேண்டாம்" என்றாள் லூர்துசெல்வி.

வட்டம் சின்னதாகியது. ஐந்து பேர். நாலு. மூன்று. ஒருத்தி விலகினாள். மிஞ்சியது இரண்டு பேர். அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

எல்லோரும் அவள் பக்கம் வந்தார்கள். ஓடவில்லை. வரிசையாக, பிரேயருக்கு வருவது போல வந்தார்கள். வெள்ளையம்மாள் முன்னால் வந்து அவள் சேலையைப் பிடித்தாள்.

"ரெண்டு தட்டுனாருன்னா ரெண்டு பேருங்க டீச்சர்" என்றாள், தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது போல. "லேட்டுப் பண்ணுனா மூணு தட்டுவாரு."

"நான் விட மாட்டேன் கண்ணு."

"நீங்க நாளைக்குப் போயிருவீங்க."

சொன்னதில் குறையில்லை, வருத்தமில்லை. ஒரு கை தாழ்ப்பாளின் மேலிருந்த அவள் சுண்டு விரலைப் பிடித்தது. சில்லென்ற சின்னக் கை. இன்னொன்று மோதிர விரலைப் பிடித்தது. இன்னொன்று. இடுப்பைச் சுற்றிக் கைகள், முழங்கையில் கைகள். வலிக்காமல், பதறாமல், நெடுநாள் பழகிய வேலையைச் செய்வது போல, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம் கைத்தடி ஒருமுறை தட்டியது.

பிள்ளைகளின் கை வேகமாயிற்று.

இரண்டாவது முறை தட்டியது.

கடைசி விரல் பிரிந்தது. பதினோரு வயதுக் கை ஒன்று, அவள் கைக்கு மேலே எட்டி, தாழ்ப்பாளை இழுத்தது.