தம்பி வைத்த கைநாட்டு

கோர்ட்டில் முப்பது வருடம் டைப் அடித்து ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மாவின் மேஜைமேல் ஒரு பெண் காகிதத்தை அறைந்தாள்.

“கூடப் பொறந்தவன் செய்யிற வேலையா இது? மெஷின் தடுப்ப என் வீட்டுக்காரரே கழட்டிட்டுக் கைய விட்டாராம். சத்தியம் பண்ணிக் கைநாட்டு வெச்சிருக்கான்!”

அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் போன மாதம் அவள் கணவனின் நான்கு விரல்களைத் துண்டித்துவிட்டது. மறுநாள் விசாரணை. இந்தப் பிரமாணப் பத்திரம் நின்றால், பழி முழுவதும் விரல் போனவன் தலையில்தான் விழும்.

அதே அச்சகத்தில் வேலை செய்யும் தம்பி வாசலிலேயே நின்றான். எழுதப் படிக்கத் தெரியாதவன். “நான் எதுலயும் கை வெக்கலக்கா.”

“அப்ப ரேகை மட்டும் நடந்து போச்சா?” என்றார் பக்கத்து வீட்டுக் கண்டக்டர். துப்பு என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

டைப்பிஸ்ட் அம்மா தம்பியிடம் டீயை நீட்டினார். வாங்கிய கையின் கட்டைவிரலில் குறுக்காகத் தடித்த தழும்பு ஒன்று இருந்தது. “வேலைக்குச் சேர்ந்தப்போ என்ன கேட்டாங்க?”

“ஃபோட்டோ. அப்புறம் ரெண்டு வெத்துப் பேப்பர்ல கைநாட்டு. எல்லார்கிட்டயும் வாங்குவாங்கம்மா.”

அடுத்த அரைமணியில் நால்வரும் பத்திரத்தில் முத்திரை போட்டிருந்த நோட்டரி வக்கீலின் அறையில் இருந்தார்கள். அச்சக முதலாளியும் அங்கேயே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“போன செவ்வாக்கிழமை வந்தான். வாசிச்சுக் காட்டினேன், வெச்சான்” என்றார் வக்கீல், வாய் கூசாமல்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்” என்றார் டைப்பிஸ்ட் அம்மா. “இது வெறும் கடுதாசி இல்ல. கூண்டுல ஏறிச் சத்தியம் பண்றதுக்குச் சமம். பொய்னா ஜெயில். ‘என் முன்னிலையில்’னு கையெழுத்துப் போட்ட உங்களுக்கும்தான்.”

“என் முன்னாடிதான் வெச்சான்.”

அம்மா மைப்பெட்டியை இழுத்தார். “தம்பி, இங்க ஒண்ணு வை.”

புதிய ரேகையின் நடுவே வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. பத்திரத்தில் இருந்த ரேகையில் அது இல்லை.

“ரெண்டும் இவன் விரல்தான். ஆனா பத்திரத்துல இருக்கிறது காயம் படுறதுக்கு முன்னாடி வெச்சது.”

கண்டக்டர் துள்ளினார். “வெத்துப் பேப்பர்!”

முதலாளியின் கால் கீழே இறங்கியது. “காயம் எப்ப பட்டுச்சு?” என்று தம்பியிடம் கேட்டார் அம்மா.

“போன வருஷம். அதே மெஷின்தான்.” தம்பியின் குரல் உள்ளே போனது. “அப்பவே தடுப்பு கிடையாது. வெளிய சொன்னா வேலை போயிரும்னு முதலாளி சொன்னாரு.”

அக்கா அவன் பக்கம் திரும்பினாள். “ஒரு வருஷமா தெரியுமா உனக்கு? நீ வாயத் திறந்திருந்தா அவர் விரல் இருந்திருக்குமேடா, பாவி!”



அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியின் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

“வேற வக்கீல்கிட்ட போலாம்மா. இவன் வாயால சொல்றத மட்டும் எழுதுங்க. சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. அந்த மெஷின் வெட்டின விரலாலேயே இவன் கைநாட்டு வெக்கட்டும்.”