தையல் மெஷினுக்கு அடியில் ஒரு வால்

"தலையைத் தூக்குது! யாரும் அசையாதீங்க!" என்று கத்திக்கொண்டே மாமா நாற்காலிமேல் ஏறினார்.

அம்மாவின் தையல் மெஷினுக்கு அடியில் கறுப்பாக ஒரு பாம்பு! பூந்தொட்டிக்காக மலைக்காட்டு ஓரத்திலிருந்து அப்பா லாரியில் கொண்டுவந்த மண் மூட்டையிலிருந்து அது வந்திருந்தது.

"மண்ணு கேட்டா பாம்பையும் சேர்த்தா கொண்டு வருவாங்க?" கட்டில்மேல் நின்றபடி அம்மா கேட்டாள்.

"நானா கூப்பிட்டேன்? அதுவா ஏறி வந்துடுச்சு!" அப்பா துடைப்பக் கட்டையை ஓங்கினார்.

"அடிக்காதீங்கப்பா!" என்று அவர் கையைப் பிடித்தாள் மகள் சுண்டு.

தள்ளி நின்றே குனிந்து பார்த்தாள். மாமா காட்டிய தலையில் கண்ணே இல்லை. கத்தியால் சரிவாகச் சீவியது போல மொட்டையாக இருந்தது. மறுமுனையில் கூரான குட்டித் தலை, நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது.

"மாமா, அது வால்."

"தலைதான்! என்னையே முறைக்குது!"

"வால் எப்படி மாமா முறைக்கும்?"

யார் கேட்டார்கள்? மூவரும் மாறி மாறிக் கத்தினார்கள். பாம்போ தரையை முட்டி முட்டிப் பார்த்தது.

'பாவம், மண்ணுக்குள்ள போகத் தவிக்குது!'

"கொஞ்சம் எல்லாரும் சும்மா இருங்களேன்!" என்று சுண்டு போட்ட சத்தத்தில் வீடே அடங்கியது. துடைப்பக் கட்டையை வாங்கி, எட்ட நின்று, பாதி காலியான மண் மூட்டையின் வாயை அந்தக் கூரான முனைக்கு நேராகத் தள்ளினாள். ஈர மண் பட்டதும் பாம்பு சரசரவென்று உள்ளே புகுந்தது.

மூட்டையை மலைக்கே கொண்டுபோனார்கள். நடந்ததையெல்லாம் கேட்டு, பிரித்துப் பார்த்த வனக்காவலர் தலையில் கைவைத்தார்.

"அபூர்வமான பாம்பு! மண்ணுக்குள்ளேயே இருக்கும். விஷமே கிடையாது. இத்தனை வருஷமா மலை முழுக்கத் தேடுறேன், வாலைக்கூடக் காட்டலை. உங்க வீட்டுக்குச் சட்டை தைக்கவா வந்துச்சு? இனிமே காட்டு மண்ணுல கை வெச்சீங்கன்னா தெரியும்!"

அப்பா தலையைச் சொறிந்தார்.

"தலையைப் பார்த்தப்பவே நினைச்சேன், சாதுன்னு," என்றார் மாமா.

"அது வால்!" என்று மூன்று பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

மூட்டையைக் கவிழ்த்ததும் கூரான தலை சருகுக்குள் மறைந்தது. மொட்டை வால் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே நின்றது. சுண்டு அதற்கு டாட்டா காட்டினாள்.

மாமா, எதற்கும் இருக்கட்டும் என்று, லாரிமேல் ஏறிக்கொண்டார்.